வேலையை விட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. சேரப் போகிறவர்களுக்கு: எந்தக் காகிதம், எவ்வளவு காசு, எப்போது ராஜினாமா

34 வயதில், 12 வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தபின், 2022இல் மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேர்ந்தேன். இப்போது சீனியர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஜூனியராக இருக்கிறேன். படிப்பு என்னைத் தவிக்க விடவில்லை. சேருவதற்கு முந்தைய நாலு மாதம்தான் தவிக்க விட்டது. எந்தச் சான்றிதழ் எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் ராஜினாமா கொடுப்பது, கையில் எவ்வளவு இருந்தால் இறங்கலாம் என்று சொல்ல அப்போது யாரும் இல்லை. கேட்ட இடத்திலெல்லாம் "இந்த வயசுல எதுக்கும்மா?" என்ற ஒரே கேள்விதான் திரும்பி வந்தது. நீங்கள் அப்படி அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதுவது இது, ஆனால் சட்டப் படிப்புக்கும் வழக்கறிஞர் தொழிலுக்கும் விதி வகுக்கும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான்.

1. முதலில் தகுதியைப் பாருங்கள், ஆசையை அப்புறம் பார்க்கலாம்

பட்டப்படிப்பு எதுவானாலும் சரி: பி.இ., பி.காம்., பி.எஸ்சி., பி.ஏ. எல்லாம் செல்லும். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிப்படி குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், ஓ.பி.சி.க்கு 42, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. பல்கலைக்கழகம் அந்த ஆண்டு விவரக் குறிப்பேட்டில் உங்கள் பிரிவுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதைத்தான் இறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் மூன்றாண்டு படிப்புக்கு உச்ச வயது வரம்பு இல்லை. என் வகுப்பில் ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள் இருந்தார்கள், கல்லூரி முடித்த கையோடு வந்த 21 வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் 10+2+3 என்ற வரிசை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்று வந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பே படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்குக் கதவு மூடியிருக்கிறது. ஆனால் +2 முடித்துவிட்டு அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியவர்களுக்குத் தடை இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

2. வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்.எல்.பி.யை அஞ்சல் வழியில் படிக்க முடியாது. இணைய வழியிலும் முடியாது. விதியில் 'ரெகுலர் கோர்ஸ்' என்றால் நாளுக்குக் குறைந்தது ஐந்து மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரத்துக்குக் குறையாமல் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் வருகை வேண்டும். போதாததற்கு, 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் அனுப்பிய சுற்றறிக்கையில், மாணவர்கள் வேலையில் இருக்கிறார்களா, வேறு படிப்பு படிக்கிறார்களா, தங்கள் மீது குற்ற வழக்கு உண்டா என்பதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் ஏஜென்ட் வருவார். "பக்கத்து மாநிலத்துல ஒரு காலேஜ் இருக்கு, வகுப்புக்கே போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் போனா போதும், எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்பார். எனக்கும் ஒருவர் சொன்னார், வேலையை விட மனசில்லாத அந்த நேரத்தில் அது இனிப்பாகத்தான் இருந்தது. போகாதீர்கள். சிக்கல் படிக்கும்போது வராது, மூன்று வருடம் கழித்து வழக்கறிஞர் பதிவுக்குப் போய் நிற்கும்போது வரும். அந்த மூன்று வருடம் நீங்கள் எந்த ஊரில் எந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்கினீர்கள் என்பது பி.எஃப். கணக்கில் மாதவாரியாகக் கிடக்கிறது. கொடுத்த பணம் திரும்பாது, போன வருடமும் திரும்பாது.

இன்னொன்று. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று 2022இல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதித்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சட்டப் படிப்புக்கு அதை நம்ப வேண்டாம். இரண்டு ரெகுலர் படிப்புகளை ஒன்றாகப் படிப்பதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. எம்.பி.ஏ. பாதியில் நிற்கிறது என்றால் அதை முடித்துவிட்டோ, முறைப்படி விலகிவிட்டோ வாருங்கள்.

3. சான்றிதழ்களை இப்போதே எடுத்து மேசையில் பரப்புங்கள்

படிப்பு முடித்துப் பத்து வருடம் ஆனவர்களுக்கு இதுதான் உண்மையான வேலை. அறிவிப்பு வந்த பிறகு தேட ஆரம்பித்தால் நேரம் போதாது. வேண்டியவை: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், பட்டப்படிப்பின் எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ், கடைசியாகப் படித்த இடத்தின் மாற்றுச் சான்றிதழ் (டி.சி.), நன்னடத்தைச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ். வெளிமாநிலத்தில் பட்டம் வாங்கியவர்கள் இடப்பெயர்வுச் சான்றிதழுக்கும் தகுதிச் சான்றிதழுக்கும் தனியாக அலைய வேண்டும்.

இதில் என்னைக் கவிழ்த்தது டி.சி. பி.இ. முடித்து மூன்று வருடம் கழித்து ஆர்வக்கோளாறில் ஒரு எம்.பி.ஏ.வில் சேர்ந்து, அசல் டி.சி.யை அங்கே கொடுத்து, ஒரே செமஸ்டரில் விட்டுவிட்டேன். எட்டு வருடம் கழித்துப் போய்க் கேட்டால், பாக்கி இருந்த கட்டணம் முழுவதையும் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். மூன்று முறை நேரில், ஒரு முறை எழுத்துப்பூர்வமாக, அப்புறம் ஒரு தொகையைக் கட்டி, ஐந்து வாரம் கழித்துக் கையில் வாங்கினேன். இடையில் எங்கேயாவது சேர்ந்து பாதியில் விட்டிருந்தால் உங்கள் டி.சி. அங்கேதான் தூங்கும். இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

மதிப்பெண் பட்டியல் தொலைந்திருந்தால், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கையை நீங்களே பதிவு செய்து எடுக்கலாம். அதை வைத்துக்கொண்டு பள்ளிச் சான்றிதழுக்குத் தேர்வுத் துறைக்கும், பட்டத்துக்குப் பல்கலைக்கழகத்துக்கும் நகல் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். நகல் வர மாதக்கணக்கில்கூட ஆகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

சாதிச் சான்றிதழ் பழைய அட்டையில் கையால் எழுதியதாக இருந்தால் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி டிஜிட்டல் சான்றிதழாக மாற்றிக்கொள்ளுங்கள். கல்யாணமான பெண்கள் கவனிக்க வேண்டியது: சாதிச் சான்றிதழ் அப்பா பெயரில்தான் இருக்க வேண்டும், கணவர் பெயரில் அல்ல. ஆதாரில் கணவர் பெயரும் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரும் இருந்தால் விண்ணப்பத்தில் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே நிரப்புங்கள். இனிஷியல் மாறினால்கூடப் பின்னால் வழக்கறிஞர் பதிவு வரைக்கும் அது துரத்தும்.

4. எங்கே விண்ணப்பிப்பது

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில்தான். நுழைவுத்தேர்வு கிடையாது, பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரியான சீர்மிகு சட்டப் பள்ளி ஹானர்ஸ் பட்டம் தருகிறது, அதற்குத் தனி விண்ணப்பம். மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, செங்கல்பட்டு, வேலூர், விழுப்புரம், தருமபுரி, சேலம், தேனி என்று பல ஊர்களில் இருக்கும் அரசு சட்டக் கல்லூரிகளுக்குப் பொதுவாக வேறு விண்ணப்பம். ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் போட்டதாக நினைத்துக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் போடுங்கள்.

அறிவிப்பு பெரும்பாலும் கோடையை ஒட்டி வரும், வருடத்துக்கு வருடம் தள்ளிப் போகும். மே மாதத்திலிருந்து வாரம் ஒரு முறை இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஹானர்ஸ் வேண்டுமா, சாதாரண எல்.எல்.பி. போதுமா என்று கேட்பார்கள். நீதிமன்றத்தில் வாதாடப் போகிறவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரியான வழக்கறிஞர் பதிவைத்தான் தருகின்றன. கார்ப்பரேட் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஹானர்ஸ் கொஞ்சம் உதவலாம். எனக்கு வீட்டிலிருந்து போய் வரக்கூடிய தூரம்தான் முக்கியமாக இருந்தது. பள்ளி போகும் பிள்ளை உள்ள வீடு என்றால் கட்-ஆஃபைப் பார்ப்பதற்கு முன் பேருந்து நேரத்தைப் பாருங்கள்.

5. ராஜினாமா எப்போது

ஐ.டி.யில் நோட்டீஸ் பீரியட் பெரும்பாலும் 90 நாள். கல்லூரி ஒதுக்கீட்டு ஆணை வந்தபின் சேருவதற்குக் கிடைப்பதோ சில நாட்கள். இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பதில்தான் நான் தூக்கத்தைத் தொலைத்தேன்.

ஒதுக்கீட்டு ஆணை கையில் வராமல் ராஜினாமா கொடுக்காதீர்கள். ஆனால் அதற்கு முன்பே வேலையை மூன்று வகையில் தயார் செய்யலாம். ஒன்று, உங்கள் ஒப்பந்தத்தில் நோட்டீஸுக்குப் பதில் பணம் கட்டி வெளியேறும் வழி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது அடிப்படைச் சம்பளத்துக்கா, மொத்தச் சம்பளத்துக்கா என்றும் பாருங்கள், வித்தியாசம் பெரிது. இரண்டு, அந்த வருடத்து விடுப்பைச் செலவழிக்காமல் சேர்த்து வையுங்கள், அதைக் கழித்துக்கொள்ளச் சில கம்பெனிகள் ஒத்துக்கொள்ளும். மூன்று, மேலாளரிடம் தரவரிசைப் பட்டியல் வந்ததுமே வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள். நான் பயந்துகொண்டு கடைசி வரை மறைத்தேன். சொன்னபோது அவர் கேட்டது, "முன்னாடியே சொல்லியிருந்தா ஆள் பாத்திருப்பேனே?" என்றுதான். கடைசியில் 45 நாளில் விட்டார்கள், மீதி நாளுக்குச் சம்பளம் பிடித்தார்கள்.

ஒரே கம்பெனியில் ஐந்து வருடம் முடிய இரண்டு மூன்று மாதம்தான் பாக்கி என்றால் கிராஜுவிட்டியை (பணிக்கொடையை) கணக்கில் எடுத்துக்கொண்டு தேதியை முடிவு செய்யுங்கள். வருடத்துக்குப் பதினைந்து நாள் அடிப்படைச் சம்பளம் என்பது, சம்பளமே இல்லாத காலத்தில் சில மாத வீட்டுச் செலவு. ரிலீவிங் லெட்டரை வாங்காமல் வெளியே வராதீர்கள், பின்னால் 'நான் வேலையில் இல்லை' என்பதற்கு அதுதான் சாட்சி.

6. காசுக் கணக்கு

அரசு சட்டக் கல்லூரிக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா!" என்று தோன்றும். ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான். சீர்மிகு சட்டப் பள்ளியிலும் தனியார் கல்லூரிகளிலும் அது பல மடங்கு. ஆனால் உங்களை அழுத்தப்போவது கட்டணம் அல்ல, வராமல் போகும் சம்பளம்.

என் கணக்கைச் சொல்கிறேன். வீட்டுச் செலவு மாதம் 38,000. கணவர் சம்பளத்திலிருந்து 20,000 வந்துவிடும், அவருடைய மீதிச் சம்பளம் வீட்டுக் கடனுக்குப் போகிறது. மாதம் 18,000 துண்டு விழும். படிப்பு 36 மாதம், அதன் பிறகு ஜூனியராகக் கைக்கு எதுவும் பெரிதாக வராத முதல் வருடம் 12 மாதம், ஆக 48 மாதம். பெருக்கினால் 8,64,000. இந்தத் தொகை வங்கியில் வந்தபிறகுதான் விண்ணப்பம் போட்டேன், அதற்காக ஒரு வருடம் தள்ளிப் போட்டேன். தள்ளிப் போட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. மூன்றாம் வருடத்தில் பணம் தீர்ந்து வேலைக்குத் திரும்பிய ஒரு தோழியைப் பார்த்தபின் அது சரியான முடிவு என்று இன்னும் உறுதியாகத் தோன்றுகிறது.

மறக்கக் கூடாதது மருத்துவக் காப்பீடு. கம்பெனி காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். புதிதாக எடுத்தால் முதல் 30 நாள் விபத்து தவிர மற்றதற்குப் பணம் வராது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டிவரும். அதனால் ராஜினாமாவுக்கு முன்பே சொந்தமாக ஒரு பாலிசி எடுங்கள், அல்லது குழுக் காப்பீட்டை அதே நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்று எழுதிக் கேளுங்கள்.

புத்தகத்துக்கு மூன்று வருடத்தில் எனக்கு 14,000 ஆனது. முதல் நாளே பெரிய பெரிய உரைநூல்களை வாங்க வேண்டாம், ஒவ்வொரு பாடத்துக்கும் பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாத வெறும் சட்ட நூல்) போதும், மீதி நூலகத்தில் கிடைக்கும். பழைய புத்தகக் கடையில் குற்றவியல் நூல் வாங்கும்போது மட்டும் கவனம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, கூடவே குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் மாறிவிட்டன. கொலைக்கான பிரிவு 302 இப்போது 103. ஆனால் பழசை ஒரேயடியாகத் தூக்கிப் போடவும் முடியாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான், அந்த வழக்குகள் இன்னும் பல வருடம் ஓடும். கோர்ட்டில் என் சீனியர் மேசையில் பழைய சட்ட நூல்களும் புதியவையும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

7. வகுப்பில் உட்கார்ந்த பிறகு

பத்து வருடம் கழித்து மூன்று மணி நேரம் கையால் எழுதுவது உடம்புக்குப் புதிது. முதல் செமஸ்டருக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் நாலு பக்கம் எழுதிப் பழகுங்கள். அரசு சட்டக் கல்லூரிகளில் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். எழுத்து தமிழில்தான் ஓடும் என்றால் தயங்காமல் தமிழில் எழுதுங்கள், கீழமை நீதிமன்றங்களில் அது கைகொடுக்கும்.

மூன்றாண்டு மாணவர்களுக்கு மொத்தம் 12 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக நாலு வாரத்துக்கு மேல் கூடாது என்பதால் இதைக் கடைசி வருடத்துக்குத் தள்ளினால் முடிக்க முடியாது. முதல் வருட விடுமுறையிலேயே மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞரிடம் போய் நில்லுங்கள். உயர் நீதிமன்றத்தைவிட முன்சீப் கோர்ட்டில் கற்றுக்கொள்வது அதிகம். வாய்தா எப்படிப் போடுகிறார்கள், வக்காலத்து (கட்சிக்காரர் தன் வழக்கறிஞருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) எப்படித் தாக்கலாகிறது என்பதெல்லாம் அங்கே குமாஸ்தாவே சொல்லித் தருவார்.

8. முடித்த பிறகு: பதிவு, பார் தேர்வு, சீனியர்

பட்டம் வந்ததும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. பதிவுக் கட்டணம் முன்பு பல ஆயிரம் இருந்தது. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், சட்டத்தில் சொன்ன 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய், இதற்கு மேல் பதிவுக் கட்டணமாக வசூலிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முத்திரைத் தீர்வை தனி. இடைத்தரகர் யாராவது "சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று பெரிய தொகை கேட்டால் ரசீது கேளுங்கள். பழைய சான்றிதழ்களின் உண்மைத்தன்மை சரிபார்ப்பு, ரிலீவிங் லெட்டர் எல்லாம் இங்கே மறுபடி தேவைப்படும் என்பதால் மூன்றாம் படியில் சேர்த்த கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பதிவு செய்தபின் இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வு. 100 கேள்வி, தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், குறிப்பு எழுதாத பேர் ஆக்ட் கொண்டு போகலாம். பொது, ஓ.பி.சி. பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 எடுத்தால் தேர்ச்சி. பொது, ஓ.பி.சி. பிரிவுக்குக் கட்டணம் 3,500 ரூபாயை ஒட்டி வரும். பதிவு செய்துவிட்டால் முழுநேரச் சம்பள வேலை பார்க்கக் கூடாது என்பது விதி, பழைய கம்பெனி "பகுதி நேரமாக வாங்களேன்" என்று கூப்பிட்டாலும் இதை யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

சீனியரைத் தேடுவதை மூன்றாம் வருட ஆரம்பத்திலேயே தொடங்குங்கள். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 குறைந்தபட்சம் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லா அலுவலகத்திலும் அது நடைமுறைக்கு வந்துவிடவில்லை. சங்கடப்படாமல் முதல் சந்திப்பிலேயே "மாசம் எவ்வளவு தருவீங்க சார்?" என்று கேட்டுவிடுங்கள். குடும்பம் வைத்திருக்கும் நமக்கு அந்தக் கேள்வி அவசியம், நல்ல சீனியர் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நான் நாலு பேரிடம் கேட்டேன். இரண்டு பேர் நேர்மையாக "முதல் வருஷம் ஒண்ணும் தர முடியாதும்மா" என்றார்கள், ஒருவர் மழுப்பினார், ஒருவர் தொகை சொன்னார். அவரிடம்தான் இருக்கிறேன்.

சிவில் நீதிபதி தேர்வு எழுதும் எண்ணத்தோடு வருகிறவர்கள் சேருவதற்கு முன்பே வயதுக் கணக்கைப் போட்டுவிடுங்கள். 2025 மே 20 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்தத் தேர்வுக்கு மூன்று வருட வழக்கறிஞர் அனுபவம் வேண்டும். 34இல் சேர்ந்தால் முடிக்கும்போது 37, அனுபவம் சேரும்போது 40. அறிவிக்கையில் உங்கள் பிரிவுக்கு உள்ள உச்ச வயது அதற்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். அந்த மூன்று வருடத்தைத் தற்காலிகப் பதிவு (பார் தேர்வுக்கு முன் கிடைக்கும் பதிவு) செய்த நாளிலிருந்தே எண்ணுகிறார்கள், பார் தேர்வில் தேறிய நாளிலிருந்து அல்ல, அதனால் கடைசி செமஸ்டர் முடிவு வந்த வாரமே பதிவு விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.